கடைசி வருட புராஜெக்ட்டுக்காக மறுபடி ஃபிலிமுக்குத் திரும்பினேன்: மீட்டரிங், குறிப்பேடு, முன்னோடிகள் பற்றி யோசனை வேண்டும்

#1 படிக்கட்டு வெளிச்சம்

எல்லோருக்கும் வணக்கம். புகைப்படக் கலை படிக்கிறேன், இது கடைசி வருடம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான். 12 வாரம், ஒரே விஷயம், கடைசியில் 12 முதல் 15 பிரிண்ட். அதோடு ஒரு குறிப்பேடு கொடுக்க வேண்டும். எடுத்தது, தோற்றது, யாருடைய படங்களைப் பார்த்தோம், அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டோம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரிய பங்கு பிரிண்டுக்கு இல்லை, குறிப்பேட்டுக்குத்தான்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு உயரமான ஜன்னல் இருக்கிறது. காலையில் வெளிச்சம் மேல் தளத்தில் தொடங்கி, மாலைக்குள் படிப்படியாகக் கீழே இறங்கிவிடும். அதன் ஊடே ஏறி இறங்குகிற மனிதர்கள். அவ்வளவுதான்.

முதல் நான்கு வாரம் டிஜிட்டலில் எடுத்தேன். 3,100 படம் சேர்ந்தது. இடைக்கால மதிப்பீட்டில் ஆசிரியர் அமைதியாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதில் எந்தப் படத்தை எடுக்கும்போது நீ நின்று பார்த்தாய்?" எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. எதையும் நான் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்கே துறை அலமாரியிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் கேமராவை எழுதிக் கொடுத்து வாங்கி வந்தேன். 50 மி.மீ. லென்ஸ், 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம். முதல் வருடத்தில் ஒரு பருவம் முழுக்க ஃபிலிமில் எடுத்திருக்கிறோம், அதனால் கை மறந்திருக்காது என்று நினைத்தேன். முதல் ரோல் முழுக்க வெறுமை. கழுவி (டெவலப் செய்து) எடுத்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டாவது ரோலில் படம் விழுந்திருந்தது. ஆனால் ஜன்னல் மட்டும் தெரிகிறது, படிகள் எல்லாம் ஒன்றுமில்லாத இருட்டு.

மூன்று கேள்வி:

ஜன்னல் அத்தனை பிரகாசம், படி அத்தனை இருட்டு. இந்த இடத்தில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை எங்கே காட்டுவது?

டிஜிட்டலில் எடுத்த படங்களையும் ஃபிலிம் படங்களையும் கடைசித் தொகுப்பில் கலக்கலாமா?

குறிப்பேட்டில், யாருடைய படங்களைப் பார்த்தோம் என்று எழுதும் முன்னோடிகள் பகுதியைப் படித்துவிட்டு, "இது வாழ்க்கை வரலாறு, இதில் நீ எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை எப்படித்தான் எழுதுவது?

#2 சிவப்பு விளக்கு

தங்கச்சி, இருட்டறையில் பல வருடம் நின்றவன் என்கிற உரிமையில் முதலில் ஒரு கேள்வி. வெறுமையாக வந்த அந்த முதல் ரோலின் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் சட்ட (ஃபிரேம்) எண்களும் ஓரத்தில் கறுப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் கழுவியதில் தப்பில்லை, கேமராவுக்குள் வெளிச்சமே விழவில்லை. ஓரமும் வெறுமையாக இருந்தால் கழுவுவதில்தான் பிழை. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பருக்கு முன்னால், அதை நிலைநிறுத்தும் ஃபிக்சரை ஊற்றியிருப்பீர்கள். பதறிப்போய் கேமராவைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எண்கள் இருந்தால், ஃபிலிமின் நாக்கு (முன்முனை) சுருளில் மாட்டவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் லீவரைத் தள்ளத் தள்ள எண்ணிக்கை முள் மட்டும் நகர்ந்திருக்கும். இனி ஒவ்வொரு ரோலும் போட்டதும், திருப்பிச் சுற்றுகிற குமிழைத் தளர்வு போகும்வரை மெதுவாகச் சுற்றி வையுங்கள். அப்புறம் லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓரக்கண்ணால் அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த விபத்து மறுபடி வராது.

இரண்டாவது ரோலுக்கு வருவோம். கேமராவின் பேட்டரி என்ன? அந்தக் காலத்து கேமராக்கள் பலவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது இல்லை என்பதால் 1.5 வோல்ட் பேட்டரியைப் போடுகிறார்கள். பல மாடல்களில் முள் அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். நீங்களும் அதை நம்பிக் குறைவாக எக்ஸ்போஸ் செய்வீர்கள். முதலில் பாதிக்கப்படுவது நிழல்தான். கைமீட்டர் இருந்தால் அதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் படிக்கட்டு. மீட்டருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். ஜன்னலைச் சேர்த்து அளந்தால் ஜன்னலைச் சாம்பலாக்கிவிட்டு படியைப் புதைத்துவிடும். அதனால் ஜன்னலை மறந்துவிடுங்கள். எந்த இருட்டுப் படியில் கொஞ்சமாவது சிமெண்டின் சொரசொரப்பு தெரிய வேண்டுமோ, அதன் கிட்டே போய் அதை மட்டும் அளங்கள். எஃப் 2, 1/30 வினாடி என்று வந்தால் அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எஃப் 4, 1/30 வைக்கவும். கறுப்பு முதல் வெள்ளை வரை ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு எண் கொடுத்து, அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய ஸோன் முறையில் இதுதான் மூன்றாம் ஸோன்: இருட்டு, ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரியும் இருட்டு.

அடுத்து ஜன்னலை அளங்கள். படியைவிட ஐந்து ஸ்டாப் அதிகம் என்றால் எட்டாம் ஸோன், கவலையில்லை. ஆறு, ஏழு என்று போனால் அந்த ரோலைக் கழுவும் நேரத்தைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நெகட்டிவ்வின் நிழல் பகுதியை எக்ஸ்போஷர் தீர்மானிக்கும், வெளிச்சப் பகுதியைக் கழுவும் நேரம் தீர்மானிக்கும். இந்த ஒரு வரி புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

1941 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேலே நிலா எழுந்ததை ஆடம்ஸ் எடுத்தாரே, அப்போது அவருக்கு மீட்டர் கையில் சிக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாக இருந்ததால் அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு ஷாட் எடுத்தார். இரண்டாவதற்குத் தயாராவதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. உங்கள் படிக்கட்டும் தினமும் பார்க்கிற இடம்தானே. பத்து நாள் அளந்து எழுதி வையுங்கள், அப்புறம் மீட்டரே தேவைப்படாது.

#3 சென்சார்காரன்

வணக்கம். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியர் கேட்டது ஃபிலிமைப் பற்றி இல்லையே? நின்று பார்த்தாயா என்றுதான் கேட்டார். நிற்பதற்கு ஃபிலிம் தேவையில்லை. டிஜிட்டல் கேமராவின் திரையை அணைத்துவிட்டு, ஒரு நாளைக்கு 36 என்று வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துத்தான் கணினியில் போடுவேன் என்று இருந்தாலும் அதே பயிற்சிதான். 12 வாரத்தில் நான்கு வாரம் போய்விட்டது. மிச்சம் இருக்கும் எட்டு வாரத்தில் பேட்டரி வோல்டேஜோடும் நாக்கு மாட்டாத சுருளோடும் போராடுவது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள். ஃபிலிமில் எடுத்ததாலேயே படம் ஆழமாகிவிடும் என்று நம்புகிற பல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரெயின் (ஃபிலிமின் புள்ளிச் சொரசொரப்பு) தெரிந்தால் போதும், கலை ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கலக்கலாமா என்ற கேள்விக்கு: காரணம் இருந்தால் கலக்கலாம். 3,100 படம் எடுத்த உழைப்பு வீணாகக்கூடாது என்பது காரணம் ஆகாது.

#4 படிக்கட்டு வெளிச்சம்

சிவப்பு விளக்கு அண்ணா, ஓரத்தில் எண்கள் இருக்கின்றன! அப்படியென்றால் நாக்குதான். பேட்டரியும் நீங்கள் சொன்ன மாதிரியே 1.5. துறையில் இருந்த கைமீட்டரோடு ஒப்பிட்டேன், ஒரு ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம். மிக்க நன்றி.

சென்சார்காரன் அவர்களுக்கு: நீங்கள் சொன்னதை உண்மையிலேயே செய்து பார்த்தேன். மூன்றாவது வாரம் திரைமேல் கறுப்பு டேப் ஒட்டினேன். ஆனால் இரவு பிரித்துவிடுவேன். படம் அங்கேயே இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று தெரிந்திருக்கும்போது என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது என் குறையாகவே இருக்கட்டும். எனக்கு அந்தக் கதவு பூட்டியே இருக்க வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று குறிப்பேட்டில் நடந்தது. ஃபிலிமில் எடுக்கும்போது ஒவ்வொரு சட்டத்துக்கும் எழுதுகிறேன்: எண், ஷட்டர், அபர்ச்சர், அப்புறம் ஒரே வரியில் நான் பார்த்தது என்ன. "பை கனம், தோள் சாய்ந்திருக்கிறது." "யாரும் இல்லை, கைப்பிடியில் மட்டும் வெயில்." மூன்றாவது ரோலை எட்டு நாள் கழித்துக் கழுவினேன். நெகட்டிவ்வையும் அந்த வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்ததாக எழுதியது பாதிச் சட்டங்களில் இல்லவே இல்லை. தோள் சாய்ந்ததை எழுதியிருக்கிறேன், ஆனால் நின்ற இடத்திலிருந்து தோள் தெரியவே இல்லை, கதவு மறைக்கிறது. மனம் பார்த்திருக்கிறது, கேமரா பார்க்கவில்லை. டிஜிட்டலில் படம் உடனே வந்துவிடுவதால், நான் பார்த்தது இதுதான் என்று அந்தப் படத்தையே நம்பிவிடுகிறேன். என் பார்வை தனியாக எங்கும் பதிவாவதே இல்லை.

அதனால் கேள்வி இரண்டுக்கு நானே முடிவு செய்துவிட்டேன், கலக்கவில்லை. 3,100 படமும் குறிப்பேட்டில் ஒரு பக்கமாக இருக்கும்.

#5 தொடர்பு அச்சு

இழையை ஆர்வமாகப் படித்தேன். படிப்பு முடித்து சில வருடம் ஆகிறது. எனக்கும் முன்னோடிகள் பகுதி இரண்டு முறை திரும்பி வந்தது, அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிறந்த ஆண்டு, வாங்கிய விருது, புகழ் எதையும் எழுதாதீர்கள். ஒருவரின் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா எந்த உயரத்தில் இருந்திருக்கும், எதை வெட்டிவிட்டார், எதைக் கவனம் கலைக்கும்படி விட்டுவைத்தார் என்று கேட்டுக்கொண்டே வரைந்து பாருங்கள். பிறகு உங்கள் படிக்கட்டுக்குப் போய் அதே தீர்மானத்தை எடுத்து ஒரு படம் எடுங்கள். அது தோற்கும். ஏன் தோற்றது என்று எழுதுவதுதான் அந்தப் பகுதி. நகல் எடுப்பது தப்பே இல்லை, சித்திரமும் கைப்பழக்கம்தானே.

உங்கள் விஷயத்துக்கு செக் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக்கைப் பார்க்காமல் இருக்காதீர்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராகில் தன் சிறிய ஸ்டுடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் வியர்க்கும் நீர், பனி, வெளியே ஒரு வளைந்த மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர். பதினான்கு வருடம், ஒரே ஜன்னல். என்லார்ஜ் செய்வதை விட்டுவிட்டுப் பெரிய நெகட்டிவ்வை அப்படியே தாளில் வைத்துத் தொடர்பு அச்சாகப் போட்டவர். அதனால்தான் அந்தச் சாம்பல் நிறங்களில் ஒரு படிகூடத் தவறாமல் இருக்கிறது. (என் பயனர் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.)

அடுத்து சால் லைட்டர். நியூயார்க்கில் தன் வீட்டைச் சுற்றிய சில தெருக்களிலேயே ஐம்பது வருடத்துக்கும் மேல் எடுத்தவர், பல நேரம் காலாவதியான கலர் ஃபிலிமில். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறம் இல்லை, மறைப்பு. சட்டத்தின் முக்கால்வாசியைக் கறுப்பாக விட்டுவிட்டு ஓரத்தில் ஒரு மனிதரை வைப்பார். நீங்கள் சொன்னீர்களே, கதவு தோளை மறைத்துவிட்டது என்று. அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் லைட்டரின் படங்களோடு வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

மூன்றாவதாக ராபர்ட் ஃபிராங்க், தேர்வு செய்வதற்காக மட்டும். அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட சட்டங்கள் எடுத்து, புத்தகத்தில் வைத்தது 83. அவருடைய காண்டாக்ட் ஷீட்டுகள் (ஒரு ரோலின் எல்லாச் சட்டங்களும் ஒரே தாளில்) வெளியாகியிருக்கின்றன. ஒரு நல்ல படத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை சாதாரணப் படங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது எந்த விரிவுரையைவிடவும் ஆறுதல்.

#6 சென்சார்காரன்

நீங்கள் பார்த்ததாக நினைத்ததும் நெகட்டிவ்வில் இருப்பதும் ஒன்றாக இல்லை என்று எழுதியிருந்தது என்னை யோசிக்க வைத்தது. ஒத்துக்கொள்கிறேன், இது வெறும் மோகம் இல்லை. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் வேண்டுமென்றே ரோல்களை நீண்ட நாள் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த நேரத்து மகிழ்ச்சி படத்தின்மீது ஒட்டியிருக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் அவர் 1984-ல் இறந்தபோது கழுவாமலே கிடந்த ரோல்கள் சுமார் 2,500. காத்திருப்பதற்கும் பார்க்காமலே போவதற்கும் நடுவில் கோடு எங்கே என்பது எனக்கு இன்னும் கேள்விதான். உங்களுக்கு இறுதி நாள் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, ரசாயனம். தீர்ந்துபோன ஃபிக்சரில் கரைந்த வெள்ளி இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கல்லூரி இருட்டறையில் சேகரிப்பு கேன் இருக்கும், அதில் சேர்த்துவிடுங்கள்.

#7 படிக்கட்டு வெளிச்சம்

கேன் இருக்கிறது, அதில்தான் ஊற்றுகிறோம்.

நான்காவது ரோலில் புதுப் பிரச்சினை. நெகட்டிவ்வில் அங்கங்கே பால் படிந்த மாதிரி மங்கல் இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? இன்னொன்று, மாலையில் வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிடுகிறது. முக்காலி வைத்து 10 வினாடி கொடுத்தும் படம் மெலிந்துதான் வருகிறது.

#8 சிவப்பு விளக்கு

கெடவில்லை. அது ஃபிக்சர் தன் வேலையை முடிக்காததன் அடையாளம். வெளிச்சம் படாத வெள்ளி உப்பு இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. புது ஃபிக்சரில் மறுபடி போட்டு, தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போய்விடும். சீக்கிரம் செய்யுங்கள். இனிமேல் ஒவ்வொரு முறையும் ரோலின் வெட்டிய நாக்குத் துண்டை முதலில் ஃபிக்சரில் போட்டு, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் உங்கள் ஃபிலிமுக்கு. தெளிய ஆகும் நேரம், புதுக் கரைசலுக்கு ஆனதைப்போல் இரண்டு மடங்காகிவிட்டால் அந்தக் கரைசலுக்கு விடை கொடுத்துவிடலாம்.

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும். ஒரு வினாடியைத் தாண்டினால் மீட்டர் சொல்வது போதாது. எச்பி5 பிளஸ் ஃபிலிம் என்றால் மீட்டர் 10 வினாடி சொல்லும் இடத்தில் சுமார் 20 கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் இது மாறும், தயாரிப்பாளரின் தாளில் இருக்கும்.

அந்த 20 வினாடியில் யாராவது படி ஏறினால் கரைந்துபோவார்கள். தவிர்க்க வேண்டாம், நான்கைந்து எடுத்து வையுங்கள். உங்கள் தலைப்புக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது.

#9 படிக்கட்டு வெளிச்சம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் இருட்டறையே கதி.

மொத்தம் 9 ரோல், அந்த வெறும் ரோலைக் கழித்தால் 8. அதிலிருந்து 14 பிரிண்ட். சிவப்பு வெளிச்சத்தில் டெவலப்பர் தட்டுக்குள் தாளை விட்டதும் முதலில் ஜன்னலின் சட்டம் கறுத்து வரும், அப்புறம் கைப்பிடி, கடைசியில்தான் முகம். முதல் வருடத்தில் இதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறாவது ரோல், 22-ஆவது சட்டம். மூன்றாம் தளத்துப் பெரியவர் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவார். அந்தக் கணத்துக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தேன். ஷட்டர் விழுவதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். குறிப்பேட்டில் "தவறிவிட்டது" என்று மட்டும் எழுதினேன், வேறு ஒன்றும் எழுதவில்லை. கழுவிப் பார்த்தால் சட்டத்தின் மேல் ஓரத்தில் அவருடைய கை மட்டும் கைப்பிடியில் இருக்கிறது. மீதி எல்லாம் படியும் வெயிலும். ஐந்தாம் பதிவில் லைட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் இதைக் காண்டாக்ட் ஷீட்டிலேயே தாண்டிப் போயிருப்பேன். இப்போது தொகுப்பின் முதல் படம் அதுதான். முன்னோடிகள் பகுதியிலும் இதைத்தான் எழுதியிருக்கிறேன்: எடுத்தது, தவறியதாக நினைத்தது, யாரைப் பார்த்ததால் திரும்பி வந்தேன் என்பது. இந்த முறை திரும்பி வரவில்லை.

அந்தப் படத்தின் பிரிண்டுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. டெஸ்ட் ஸ்ட்ரிப் (ஒரே தாள் துண்டில் வெவ்வேறு நேரம்) போட்டு அடிப்படை நேரம் 14 வினாடி என்று கண்டுபிடித்தேன். அதில் படிகள் சரி, ஜன்னல் வெறும் வெள்ளை. அட்டையில் ஓட்டை போட்டு ஜன்னலுக்கு மட்டும் இன்னும் 20 வினாடி. கைப்பக்கம் நான்கு வினாடி மறைத்தேன். பதினோராவது தாளில் அமைந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஃபைபர் தாளில் போட்டேன், காய்ந்ததும் எல்லாம் சுருண்டுவிட்டது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

#10 தொடர்பு அச்சு

22-ஆவது சட்டத்துக்குக் கைகொடுங்கள். மனசு நிறைந்துவிட்டது.

#11 சென்சார்காரன்

வாழ்த்துகள். என் கருத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் என் மாணவர்களுக்கு அடுத்த மாதம் முதல் "பார்த்தது என்ன" என்ற அந்த ஒரு வரியை எழுதச் சொல்லப்போகிறேன், டிஜிட்டலிலும். படத்தை ஒரு வாரம் என்னிடம் கொடுத்து வைக்கச் சொல்வேன், பூட்டு என் கையில்.

#12 சிவப்பு விளக்கு

ஃபைபர் தாள் அப்படித்தான், பயப்படாதீர்கள். முதலில் கழுவியது போதுமா என்று பாருங்கள், சாதாரணத் தாளைவிட இதற்கு ரொம்ப நேரம் வேண்டும், ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் பின்னால் மஞ்சளிக்கும். சுருண்டதை நேராக்க, பின்பக்கத்தை மட்டும் ஈரப்பஞ்சால் லேசாக ஒற்றி, அமிலம் இல்லாத சுத்தமான தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இன்றைக்கு வைத்தால் ஞாயிறு மாலைக்குள் படிந்துவிடும். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

#13 படிக்கட்டு வெளிச்சம்

14-ம் புத்தகங்களுக்கு அடியில் போய்விட்டது அண்ணா. கேமராவில் இன்னும் 11 சட்டம் மிச்சம் இருக்கிறது, மாலை வெயில் இரண்டாம் தளத்துக்கு இறங்குவதற்குள் போய் நிற்கிறேன்.